இரண்டாவது அட்டை

"எதுலடி போச்சு?" என்று பக்கத்து வீட்டு அக்கா அவளைக் கேட்டாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து அப்போது நாலு நாள் ஆகியிருந்தது. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. எந்தப் பல் வலிக்கிறது என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள். ஆனால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்கா, அறிவியலா, எது தன்னைக் கவிழ்த்தது என்று அவளுக்கே தெரியாது. முகம் சூடாகி, கையில் இருந்த வாளியைப் பார்த்தபடி நின்றாள்.

"எல்லாத்துலயும்தான் போச்சு," என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "போதுமா? போய் உன் துணியைப் பாரு."

அக்கா துணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா வெளியே வந்து வாளியை வாங்கிக்கொண்டு, மகளின் தோளில் கைவைத்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். "எனக்கும்தான் படிப்பு வரலை. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள். அன்று அம்மாவும் அழுதாள். இரண்டு பேரும் அடுப்பருகே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். அந்த அழுகைக்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் அம்மாவை விட நெருக்கமானவர் யாரும் இல்லை என்று ஆகிவிட்டது.

முடிவு பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு அவள் போகவில்லை. போக முடியாத நாள் அது. இலை உலர்த்தும் கொட்டகையில் ஒரு தடவை நெருப்பு மூட்டினால் ஆறு நாள் அணைய விடக்கூடாது. சூடு ஏறினால் புகையிலை கருகிவிடும். இறங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். அன்று மூன்றாவது நாள். வெப்பமானியைப் பார்த்து விறகு தள்ளும் வேலை அவளுடையது. அப்பாதான் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தவர் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்து பஸ்ஸில் இடம் கிடைக்காததைச் சொன்னார், கண்டக்டரோடு சண்டை போட்டதைச் சொன்னார், பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மஞ்சள் அடித்திருப்பதைச் சொன்னார். பிறகு, "இந்தத் தடவை வரலை பாப்பா," என்றார்.

அவள் வெப்பமானி காட்டிய எண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஒரு கட்டை விறகை உள்ளே தள்ளினாள்.

அந்தத் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போனவள் அவள் ஒருத்திதான். அதனால் விவரம் கொண்டுவந்து சொல்லவும் ஆள் இல்லை. அவளாகப் போய்க் கேட்கிற சுபாவமும் இல்லை. வகுப்பிலேயே, தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு மாலைவரை தாகத்தோடு உட்கார்ந்திருந்தவள். தோற்றுப்போன முகத்தை எந்த வாசலில் கொண்டுபோய்க் காட்டுவாள்?

அதன்பிறகு நாலு வருடம். செடியின் நுனி கிள்ளுவது, பக்கக் கன்று ஒடிப்பது, அடியிலிருந்து மேலாக இலை பறிப்பது, கழியில் கோத்துக் கொட்டகையில் ஏற்றுவது, உலர்ந்ததை இறக்கி நிறம் பார்த்துப் பிரிப்பது. புகையிலைப் பிசின் கையில் ஏறினால் சோப்புக்குப் போகாது; கறுப்பாக, தார் பூசியது போல ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டில் கசக்கும். பத்தொன்பது வயதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இலையின் தரம் சொல்வாள். "இவ கை பட்டா சிப்பம் ஒரு படி மேல போகும்," என்று அப்பா வியாபாரிகளிடம் பெருமை அடிப்பார். சாக்குத் துணியில் இறுக்கிக் கட்டிய புகையிலைக் கட்டுக்குத்தான் சிப்பம் என்று பேர். அவர்கள் வாழ்க்கையில் எல்லாமே சிப்பக் கணக்குதான்.

அட்டை விஷயமும் அந்தக் கணக்கில் வந்ததுதான். இலை அலுவலகம் அட்டை இருப்பவர்களிடம் மட்டும்தான் வாங்கும். குடும்பத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு இருபது சிப்பம். அதற்கு மேல் விளைந்தால் தனியார் வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அப்பாவின் நிலத்தில் நாற்பது விளைந்தது. ஆகவே அவள் பள்ளியை விட்ட அடுத்த மாதம் அப்பா அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். தனிக் குடும்பம், தனி விவசாயி, வயது பதினெட்டு என்று அவள் பெயரில் இரண்டாவது அட்டை எழுதப்பட்டது. அப்போது அவளுக்கு வயது பதினைந்து. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இதைத் தப்பு என்று அந்தப் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. "நம்ம தெருவுல செத்தவங்கதான் அதிகமா புகையிலை போடுறாங்க. உயிரோட இருக்கிறவ பேர்ல போட்டா குத்தமா?" என்று அப்பா கேட்பார்.

இந்த வருடம் அரசாங்கம் புதிதாக ஒரு மானியம் அறிவித்தது. புகையிலையை அடியோடு விட்டுவிடுகிற விவசாயிக்கு, அவர் அட்டையில் நாலு வருடமாக விற்ற சிப்பத்தைக் கணக்கிட்டு மூன்று தவணையாகப் பணம். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு அட்டைக்கும் பணம் வந்தால் கொட்டகை கட்ட வாங்கிய கடன் மொத்தமும் தீரும். நிலம் கைக்கு மிஞ்சும். மிளகாயோ காய்கறியோ போட்டுக்கொள்ளலாம். ஒரு அட்டைக்கு மட்டும் வந்தால் பள்ளத்து வயலைக் கடன்காரனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். கிணறு இருப்பது அந்த வயலில்.

பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயரும் அதில் இருந்தன. அட்டைதாரர்கள் நேரில் வந்து விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அப்பா தன்னுடையதைப் போன வாரமே முடித்துவிட்டார். இன்று அவள் முறை. கூடவே வங்கிக் கணக்கும் திறக்க வேண்டும் என்பதால் அம்மாவும் புறப்பட்டாள்.

"வயசு கேட்டா என்ன சொல்லுவ?" என்று பஸ்ஸில் அப்பா கேட்டார்.

"இருபத்திரெண்டு."

"திக்காம சொல்லு பாப்பா. கடன் கேக்கப் போறவ மாதிரி சொல்லாத."

"அவளை விடுங்க," என்றாள் அம்மா. "காலையிலேர்ந்து அவளுக்கு மூணு வயசு கூட்டியாச்சு. இனிமேயும் படுத்தினா தலை நரைச்சிடும்."

அவள் சிரித்தாள். பின் சீட்டில் இருந்த இன்னொரு இலைக்காரரும் சிரித்தார். அப்பா உடனே திரும்பி அவரோடு பேச்சைத் தொடங்கிவிட்டார். இறங்கும் வரை நிற்கவில்லை.

இலை அலுவலகத்தின் கீழ்த்தளம் முழுக்க எடைமேடை. விற்பனைக் காலம் இல்லாததால் காலியாகக் கிடந்தது. தரையில் ஒட்டிய பழைய இலைத்தூள் மட்டும் காலுக்கடியில் நொறுங்கியது. மாடியில் ஒரு நீள அறை. இரும்பு அலமாரிகள், அவற்றின் தலையிலும் ஃபைல்கள், ஒரு மின்விசிறி, நாலு மேசை. கடைசி மேசையில் இருந்த குமாஸ்தா அம்மாளை விவசாயிகள் கண்ணாடியம்மா என்று கூப்பிடுவார்கள். அந்த அம்மாளிடம் இரண்டு கண்ணாடி. ஒன்று மூக்கில் இருக்கும், ஒன்று தலையில் இருக்கும். எதைத் தேடினாலும் முதலில் கண்ணாடியைத்தான் தேடுவாள்.

"வாங்க," என்றாள் கண்ணாடியம்மா. "போன வாரம் நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. பேசினது நீங்க, கட்டினது எனக்கு. இன்னைக்குக் கொஞ்சம் பொண்ணைப் பேசவிடுங்க."

"அவ பேச மாட்டாம்மா. அதுக்கும் சேர்த்துத்தான் நான் பேசுறேன்."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடியம்மா நாடாவை அவிழ்த்து ஃபைலைப் பிரித்தாள். நாலு வருடத்துக்கு முன்பு விண்ணப்பத்தோடு அப்பா கொடுத்த உறை அப்படியே அதில் குத்தப்பட்டிருந்தது. தடிமனான உறை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். அப்பாவுக்கு மட்டும் இல்லை, அந்த வட்டாரத்து இலைக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. ஒரு தாள் குறைந்ததற்காக மூன்று தடவை பஸ் ஏறி அலைந்தவர்கள் அவர்கள். அதனால் எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் வீட்டில் முத்திரை விழுந்த தாள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் உறையில் திணித்துக் கொடுத்துவிடுவார்கள். இருப்பதில் எது தேவையோ அதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு.

கண்ணாடியம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "கரண்ட் பில். சரி. வீட்டு வரி. சரி. இது என்ன? மாட்டுக்கு ஊசி போட்ட சீட்டா?"

"இருக்கட்டுமேம்மா. சீல் இருக்கில்ல."

"மாட்டுக்கும் மானியம் கேக்குறீங்களா?"

"கொடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறோம்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியம்மாவும் சிரித்தபடியே அடுத்த தாளை எடுத்தாள். "பள்ளிக்கூடத்து விலகல் சான்றிதழ். இதுதான் வேணும். பிறந்த தேதி இருக்கு. கணக்குப் போட்டா இப்ப இருபத்திரெண்டு." அவளைப் பார்த்தாள். "சரிதானம்மா?"

"இருபத்திரெண்டு," என்றாள் அவள், திக்காமல்.

கண்ணாடியம்மா குறித்துக்கொண்டாள். சான்றிதழைப் புரட்டி வைக்கப் போனபோது, அதன் பின்னால் இன்னொரு தாள் துருப்பிடித்த குண்டூசியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிரித்தாள். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு படித்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது.

"இதுல வேற தேதி இருக்கு."

"எதுலம்மா?" என்றார் அப்பா.

"இது மதிப்பெண் பட்டியல். பத்தாம் வகுப்பு. இதுல இருக்கிற தேதிப்படி பத்தொன்பதுதான் ஆகுது. அதே நாள், அதே மாசம். வருஷம் மட்டும் மூணு தள்ளிப் போயிருக்கு." தாளை மேசையில் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள். "பார்த்துச் சொல்லும்மா. இது உன்னோடதா?"

அவள் பார்த்தாள்.

முதலில் தன் பெயரைப் படித்தாள். பிறகு அப்பா பெயர். பள்ளியின் பெயர். தேர்வு எண், அந்த எண் அவளுக்கு இன்னும் மனப்பாடம். கீழே பாடங்கள். மொழி எண்பத்தெட்டு. கணக்கு எண்பத்தொன்று. அறிவியல் எழுபத்தேழு. வரலாறு அறுபத்து மூன்று. அதற்குக் கீழே ஒரு கட்டத்தில், ஊதா முத்திரை பாதி மறைத்திருந்த இடத்தில், தேர்ச்சி என்று அச்சாகியிருந்தது.

அவள் அந்தச் சொல்லைப் படித்தாள். தமிழ்தான். தெரிந்த எழுத்துகள்தான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று மனதில் ஏறவில்லை. மறுபடியும் மேலிருந்து தொடங்கினாள். பெயர், அப்பா பெயர், பள்ளி, எண். எண்பத்தெட்டு, எண்பத்தொன்று, எழுபத்தேழு, அறுபத்து மூன்று. எழுத்துகள் சற்றே மேலெழும்பி நின்றன. பனி ஈரத்தோடு பச்சை இலை பறிக்கும்போது தோல் வழியாக நஞ்சு ஏறி, தலை சுற்றி, வாயில் எச்சில் ஊறும் அல்லவா, அப்படி ஊறியது. விழுங்கினாள்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அது கேட்கவே இல்லை.

"அது வேற யாரோட தாளோ மாறி வந்திருக்கும்மா," என்று அப்பா தொடங்கினார். "அந்தப் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவுக்குக் கண்ணு சரியில்ல. நான் அப்பவே சொன்னேன்..."

"பேர் ஒண்ணா இருக்கு. உங்க பேரும் ஒண்ணா இருக்கு."

"எங்க பக்கத்துல ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்கம்மா."

"நாலு பேருக்கும் அப்பா நீங்கதானா?"

அப்பா சிரிக்க முயன்றார். கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள். பக்கத்து மேசையில் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதோ பாருங்க. மூணு மணிக்குப் பெரியவர் வருவார். ஃபைல்ல ரெண்டு தேதி இருந்தா கையெழுத்துப் போட மாட்டார். ஒண்ணு சான்றிதழ் சரி, இல்ல இந்தப் பட்டியல் சரி. சான்றிதழ்தான் சரின்னா, 'இந்த மதிப்பெண் பட்டியல் என்னுடையது இல்ல, தவறுதலா சேர்ந்துடுச்சு'ன்னு உங்க பொண்ணு தன் கையாலே எழுதிக் கொடுக்கணும். இந்தத் தாளை நான் ரத்துன்னு குறுக்கே அடிச்சுக் கழிவுத்தாள் மூட்டையில போட்டுடுவேன். பணம் வந்துடும். பட்டியல்தான் சரின்னா..." நிறுத்தினாள். "பதினஞ்சு வயசுல அட்டை கொடுத்ததா ஆகும். அட்டை ரத்து. அந்த அட்டைக்குப் பணம் கிடையாது. அதுக்கு மேல கேள்வி வருமா வராதான்னு என்னால சொல்ல முடியாது. வெளியில உட்கார்ந்து பேசிட்டு வாங்க."

அவள் கை தாளை விடவில்லை. கண்ணாடியம்மா மெல்ல அதை இழுத்து ஃபைலுக்குள் வைத்தாள். "பேசிட்டு வாம்மா," என்றாள் மறுபடியும்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. அவள் நடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. மூன்று பேரும் எதிரே சுவரைப் பார்த்தார்கள். புகையிலையை விடுங்கள், புதிய பயிருக்கு மாறுங்கள் என்று ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு விவசாயக் குடும்பம் தக்காளியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியது.

"நான் பாஸா?" என்று அவள் கேட்டாள்.

அப்பா தக்காளிப் படத்தையே பார்த்தார்.

"அப்பா. நான் பாஸா?"

"அந்த வருஷம் நிலைமை உனக்குத் தெரியும் பாப்பா," என்றார் அப்பா. "கொட்டகைக் கடன் அப்பத்தான் வாங்கியிருந்தோம். இருபது சிப்பம் பாதி விலைக்குப் போச்சுன்னா வட்டிக்கே பத்தாது. அட்டை வேணும்னா வயசு வேணும். வயசு வேணும்னா சான்றிதழ் வேணும். நாலு கட்டு நல்ல இலை கொடுத்தேன், அந்தக் குமாஸ்தா வருஷத்தை மாத்திக் கொடுத்தான். ஆனா ஒண்ணு சொன்னான். 'இந்தச் சான்றிதழை வச்சு இந்தப் பொண்ணு வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேரக் கூடாது. சேர்ந்தா நான் மாட்டிப்பேன்'னான். நான் என்ன பண்ணுவேன்? வந்து, அது வந்து, ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்னுதான்..."

"பாஸா, இல்லையா?"

"பாஸுதான்."

அவள் தலையை ஆட்டினாள். யாரோ கடைக்காரர் விலை சொன்னது போல. கேட்டாயிற்று, புரிந்தது, அவ்வளவுதான் என்பது போல. தன் கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் பிசின் கறுத்திருந்தது. எண்பத்தொன்று என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. எண்பத்தொன்று, எண்பத்தொன்று. அதை நிறுத்த முடியவில்லை.

இதெல்லாம் அப்பா செய்தது என்று நினைத்துக்கொண்டாள். அப்பா செய்யக்கூடியவர்தான். பேசிப் பேசியே எதையும் நியாயமாக்கிவிடுவார். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மாவின் முகத்தில் திகைப்பு இல்லை.

அதைக் கவனிக்க அவளுக்கு ஒரு கணம் ஆனது. களைப்பு இருந்தது, பயம் இருந்தது, மூன்று மணி ஆகிவிடப் போகிறதே என்கிற அவசரம் கூட இருந்தது. புதிதாக ஒன்றைக் கேட்ட முகமாக மட்டும் அது இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரை ஏசாத. அவரு பாஸுன்னு சொல்லத்தான் வந்தாரு. சொல்லிட்டு, படிப்பு வேண்டாம்னு கேட்டுக்கலாம்னு வந்தாரு. தோத்துட்டன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

"நீயா?"

"கொட்டகைக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குத்தான் வந்தாரு. நான்தான் சொன்னேன். பாஸுன்னு தெரிஞ்சா நீ நிக்க மாட்ட. வாயைத் திறந்து கேக்க மாட்ட, மூலையில உட்கார்ந்து அழுவ. நீ அழுதா இவரு ரெண்டே நாள்ல இளகி உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடுவாரு. தோத்துட்டன்னா நீயே அடங்கிடுவ." அம்மா மூச்சு வாங்கினாள். "அந்த வருஷம் என்னால பச்சை இலைகிட்டப் போக முடியல. பறிச்சு ஒரு நாழி ஆகுறதுக்குள்ள குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி. டாக்டர் இனிமே தொடவே கூடாதுன்னாரு. வேலைக்கு வேற யாரு இருக்கா?"

"டீச்சர் கூட என்னைத் தேடலையேன்னு நினைச்சிருக்கேன்," என்றாள் அவள். யாருக்காகச் சொன்னாள் என்று தெரியவில்லை.

"ரெண்டு தடவை ஆளனுப்பினாங்க," என்றாள் அம்மா. "நீ பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டன்னு சொன்னேன்."

கீழே எடைமேடையில் யாரோ இரும்புச் சங்கிலியை இழுத்துப் போட்டார்கள். சத்தம் படியேறி வந்தது. அப்பா குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு," என்றாள் அவள்.  இன்னொரு தடவை தொடங்கினாள். "அன்னைக்கு அடுப்புகிட்ட நான் அழுதப்போ நீயும் அழுதியே."

"நிஜமாத்தான் அழுதேன்," என்றாள் அம்மா.

அவளுக்கு அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொய் என்றால் தூக்கி எறிந்துவிடலாம். அம்மா பொய் சொல்லவில்லை. இந்த நாலு வருடமும், தலை வாரிவிடும்போது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டபோது, அக்கம்பக்கம் யாராவது படிப்பைப் பற்றி வாயெடுத்தால் அவளுக்கு முன்னால் வந்து நின்றபோது, எல்லாம் நிஜம்தான். நிஜமாகவே அம்மா அவளைத் தாங்கியிருக்கிறாள். தானே தள்ளிவிட்ட இடத்தில் தானே வந்து நின்று தாங்கியிருக்கிறாள். இது எப்படி ஒரே ஆளால் முடியும் என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள்.  

"இப்ப அதையெல்லாம் பேசி என்ன," என்றார் அப்பா, செருப்பைப் பார்த்துக்கொண்டே. "ஒரு வரிதான் பாப்பா. எழுதிக் கொடுத்துடு. பள்ளத்து வயல் போச்சுன்னா மேல் நிலத்துக்குத் தண்ணி ஏது? கடன் தீர்ந்ததும் உன்னை டைப்பிங் கிளாஸ்ல சேர்த்து விடுறேன். கம்ப்யூட்டர் கூட..."

"எந்தத் தாளை வச்சு சேருவேன்?" என்று கேட்டாள் அவள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடியம்மா கதவருகே வந்து கையசைத்தாள். மூவரும் உள்ளே போனார்கள். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. ஃபைல் திறந்திருந்தது. மதிப்பெண் பட்டியல் மேலாக இருந்தது. இம்முறை அவள் நேராக அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தாள். இருந்தது. மறைந்துவிடவில்லை.

"நான் சொல்லச் சொல்ல எழுது," என்றாள் கண்ணாடியம்மா. "அலுவலருக்கு, கீழே கையெழுத்திட்டிருக்கும் நான்..."

அவள் எழுதினாள். நாலு வருடமாகப் பேனா பிடிக்காத கை போலவே இல்லை அது. எழுத்து குண்டு குண்டாக, வரி கோணாமல் வந்தது. கண்ணாடியம்மா அடுத்த வரியைச் சொன்னாள். அவள் எழுதிக்கொண்டே போனாள். கண்ணாடியம்மா சொல்லி முடித்த பிறகும் பேனா நிற்கவில்லை. இன்னும் ஒரு வரி எழுதி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை நகர்த்தினாள்.

கண்ணாடியம்மா கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தாள். "'கோப்பில் உள்ள மதிப்பெண் பட்டியல் என்னுடையது. அதில் உள்ள பிறந்த தேதியே சரி. அந்தப் பட்டியலை என்னிடம் திருப்பித் தர வேண்டுகிறேன்.'" நிமிர்ந்தாள். "நான் சொன்னது இது இல்லையேம்மா."

"தெரியும்."

"இதை நான் வாங்கிட்டேன்னா பணம் போயிடும். அட்டை போயிடும். உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"பாப்பா," என்றாள் அம்மா, பின்னாலிருந்து. 

கண்ணாடியம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முத்திரையை எடுத்தாள், வைத்தாள். கடைசியில் தாளை அப்பா பக்கம் நீட்டினாள். "நீங்களும் ஒரு தடவை பாருங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அப்பா தாளை வாங்கினார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, உதடு அசைய, மேலிருந்து கீழ்வரை வந்தார். மகளின் கையெழுத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. இதுவரை அவர் அவள் எழுதிய எதையும் படித்ததில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவார், கெஞ்சுவார், பெரியவர் வருவதற்குள் இன்னொரு தாள் கேட்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். எது வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா தாளை மேசையில், முத்திரைக்குப் பக்கத்தில், மடியாமல், நேராக வைத்தார். நாற்காலியின் முதுகில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறினார். கண்ணாடியம்மா, "என்ன சொல்றீங்க? சீல் போடவா?" என்றாள்.

அம்மா, "என்னங்க," என்றாள்.

அவர் இருவரையும் பார்க்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே, அலமாரிகளைத் தாண்டி, நீள அறையின் கடைசி வரை நடந்தார். அப்போதுதான் படியேறி வந்த ஒரு பழக்கப்பட்ட இலைக்காரர் வாசலில் அவரைப் பார்த்து, "என்னப்பா, ஆச்சா?" என்று கையைப் பிடித்தார். அப்பா கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினார்.